கடைத்தெருவுக்கு ஏற்ற லென்ஸ் எது?

நம் உறுப்பினர்களின் கடைகளில் பெரும்பாலானவை பன்னிரண்டு அடி, பதினைந்து அடித் தெருக்களில் இருக்கின்றன. எதிர்ச் சுவரில் முதுகு ஒட்டி நின்று படம் எடுத்தாலும் ஷட்டரின் ஒரு பாதியும் பெயர்ப் பலகையின் பாதி எழுத்தும்தான் கேமராவுக்குள் வருகின்றன. உள்ளே போனால் இன்னும் மோசம். ஒரு பக்கம் ரேக், மறுபக்கம் மூட்டை அடுக்கு, நடுவில் ஆள் நடக்க மூன்றடி. இந்த இடத்தில் நின்றுகொண்டு மொத்த இருப்பையும் படமாக்கு என்றால் புகைப்படக்காரர் என்ன செய்வார்?

இது அழகுக்காகச் சொல்லும் விஷயம் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் தண்ணீர் புகுந்தபோது எத்தனையோ மளிகைக் கடைகளில் சர்க்கரை கரைந்து, பருப்பு முளைவிட்டு, மாவு கட்டிதட்டிப் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நின்றால் காட்டுவதற்குச் சேறு மட்டுமே மிச்சம். கொள்முதல் பில்லும் இருப்புப் புத்தகமும்தான் முதல் சாட்சி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணக்கோடு, சரக்கு அடுக்கியிருந்த நிலையைக் காட்டும் தேதியிட்ட படங்களும் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடிகிறது. இதை மனத்தில் வைத்தே உறுப்பினர் கடைகளையும் கோடவுன்களையும் ஆண்டுக்கு இருமுறை படமெடுத்து அவரவருக்குப் பிரதி கொடுப்பது என்று சங்கக் கமிட்டியில் முடிவாயிற்று. அதற்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

பருப்பும் மிளகாயும்தான் நமக்குத் தெரிந்த சரக்கு. கேமரா அப்படியல்ல. என்றாலும் தெரியாத சரக்கை வாங்கும்போது நாலு இடம் விசாரித்து, மாதிரி எடுத்துப் பார்த்து, கணக்குப் போட்டு வாங்குவது நமக்குப் புதிதல்ல. அப்படி விசாரித்துத் தெரிந்துகொண்டதை, சொந்தமாக லென்ஸ் வாங்க நினைக்கும் அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. லென்ஸின் மேல் 18-55, 10-20 என்று எண்கள் போட்டிருக்கும். இவை குவியத்தூரத்தைக் குறிக்கும் மில்லிமீட்டர்கள். எண் சிறிதாகச் சிறிதாகப் படத்துக்குள் அகலம் அதிகமாக அடங்கும். ஒரே எண்ணில் நிற்பது நிலை லென்ஸ். இரண்டு எண்களுக்கு இடையே திருப்ப முடிவது ஜூம். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் சாதாரண லென்ஸ் 18-இல் தொடங்கும். பத்து, பதினொன்றில் தொடங்குவதைத்தான் அகலக்கோண ஜூம், அதாவது வைடு ஆங்கிள் ஜூம் என்கிறார்கள்.

எந்த எண் நம் கடைக்கு வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. நாமே போடக்கூடிய மும்மை விதிக் கணக்குதான் இது. கேமராவுக்குள் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் என்ற சில்லு இருக்கிறது. பெரும்பாலோர் வைத்திருக்கும் நடுத்தரக் கேமராக்களில் (ஏபிஎஸ்-சி என்பார்கள்) அதன் அகலம் நிக்கான், சோனியில் ஏறக்குறைய 23.5 மி.மீ., கேனனில் சற்றுக் குறைந்து 22.3 மி.மீ. நாம் நிற்கும் தூரத்தை இந்த அகலத்தால் பெருக்கி, கடை முகப்பின் அகலத்தால் வகுத்தால் வேண்டிய மில்லிமீட்டர் வந்துவிடும்.

தெரு 12 அடி, கடை முகப்பு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 23.5-ஆல் பெருக்க 282. அதை 20-ஆல் வகுக்க 14.1. ஆக 14 மி.மீ. இருந்தால்தான் முகப்பு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விழும். கையிலுள்ள 18 மி.மீ. லென்ஸ் ஏன் பாதியில் நிற்கிறது என்பது இப்போது விளங்கும். அதே 12 அடியில் 18 மி.மீ. காட்டுவது பதினைந்தரை அடிதான்.

அப்படியானால் 14 போதுமே, 10 எதற்கு என்று கமிட்டியிலேயே ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. பதில் பெயர்ப் பலகையில் இருக்கிறது. நம் கடைகளின் பலகை தலைக்கு மேலே, 12 அடியிலிருந்து 14 அடி உயரம் வரை இருக்கும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் பலகை கிடைக்கும். ஆனால் கடையின் இரண்டு சுவர்களும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்னால் சாய்வதுபோல் ஆகிவிடும். அகலக்கோண லென்ஸில் இந்தக் கோணல் மிக அதிகம். நேராக வேண்டுமென்றால் கேமராவைச் சற்றும் அண்ணாக்காமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும்.

மட்டமாகப் பிடித்தால் என்ன உயரம் கிடைக்கிறது? சென்சாரின் உயரம் 15.6 மி.மீ. 12 அடி தூரத்தில், 14 மி.மீ.யில், சுமார் 13.4 அடி உயரம் படத்தில் அடங்கும். கேமரா தரையிலிருந்து ஐந்தடியில் இருக்கிறது. மேலே பாதி, கீழே பாதி என்று பிரிந்தால் 11.7 அடி வரைதான் தெரியும். பலகை போயிற்று. அதே இடத்தில் 10 மி.மீ. வைத்தால் 18.7 அடி உயரம் அடங்கும், 14.3 அடி வரை தெரியும். பலகை முழுதாக விழுந்துவிடும். கீழே வரும் தெரு, சாக்கடை மூடி, சைக்கிள் எல்லாவற்றையும் பிற்பாடு கம்ப்யூட்டரில் வெட்டிவிடலாம். அகலத்துக்காக அல்லாமல் உயரத்துக்காகத்தான் இந்தக் கூடுதல் நான்கு மில்லிமீட்டர்.

உள்ளே ரேக் எடுக்கும்போது இன்னொரு லாபம். எட்டடி தள்ளி நின்றால் 18 மி.மீ. லென்ஸ் 10.4 அடி ரேக்கைக் காட்டும், 10 மி.மீ. 18.8 அடியைக் காட்டும். முப்பதடி ரேக்கை ஒன்றோடொன்று கொஞ்சம் மேலேறும்படி எடுக்க முன்னதற்கு நான்கு படம், பின்னதற்கு இரண்டு.

நிற்க. இங்கே கடைக்காரர்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 17-40, 16-35 என்ற லென்ஸ்களையும் வைடு ஆங்கிள் என்றே விற்பார்கள். பொய் இல்லை. 36 மி.மீ. அகலச் சென்சார் உள்ள பெரிய கேமராவில், ஃபுல் ஃபிரேம் என்பார்கள், அவை உண்மையிலேயே அகலக்கோணம்தான். நமது 20 அடிக் கடைக்கு அந்தக் கேமராவில் 21 மி.மீ. போதும். ஆனால் அதே 17-40-ஐ நம் சிறிய சென்சார் கேமராவில் மாட்டினால், கையில் ஏற்கெனவே இருக்கும் 18-55-க்கும் அதற்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். விலை மட்டும் பல மடங்கு. எந்த அளவுச் சென்சாருக்கு எந்த எண் என்று பார்க்காமல் பெயரை நம்பி வாங்குவது, சேலத்துப் படியும் மதுரைப் படியும் ஒன்று என்று நினைத்து விலை பேசுவதுபோல.

சாதாரண லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் மலிவான ‘வைடு கன்வர்ட்டர்’ கண்ணாடிகளும் கிடைக்கின்றன. நடுப்பகுதி தெளிவாக இருக்கும், ஓரமெல்லாம் கலங்கிவிடும். மூட்டையின் மார்க்கைப் படிக்க முடியாத படம் சர்வேயருக்கு எதற்கு? அதை விட்டுவிடலாம்.

இனி, சந்தையில் உள்ள சரக்கு. கேனன் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 2004-இல் வந்த 10-22 நல்ல பெயர் பெற்றது. 2014-இல் அதே நிறுவனம் 10-18 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எடை 240 கிராம்தான், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பும் உண்டு, விலை பழையதில் ஏறக்குறைய பாதி. நிக்கானில் இதற்கு ஈடானது 2017-இல் வந்த ஏ.எஃப்-பி 10-20, எடை 230 கிராம், இதிலும் நடுக்கத் தடுப்பு உண்டு. சோனியில் 2012 முதல் 10-18 எஃப் 4 இருக்கிறது. வெளி நிறுவனங்களில் சிக்மா 10-20 இரண்டு வகையாக வந்தது. டோகினா 11-16 எஃப் 2.8 இருட்டில் படம் எடுப்பவர்களுக்குப் பிடித்த சரக்கு, ஆனால் அரைக் கிலோவுக்கு மேல் கனம். கண்ணாடியில்லாத புதிய மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்கள் இந்தப் பழைய வரிசையைத் தேட வேண்டியதில்லை. கேனன் ஆர்.எஃப்-எஸ் 10-18, நிக்கான் இசட் டி.எக்ஸ் 12-28, சிக்மாவின் 10-18 எஃப் 2.8 எல்லாம் 2023-இல் வந்தவை.

பழைய வரிசையை இரண்டாம் கையாக வாங்குவோர் பொருத்தத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். நிக்கான் ஏ.எஃப்-பி லென்ஸ் டி90, டி5100, டி3200 போன்ற முந்தைய கேமராக்களுக்கு ஒத்து வராது. டி3300-இல் உள் மென்பொருளைப் புதுப்பித்த பிறகே வேலை செய்யும். டோகினா 11-16-இன் முதல் பதிப்பில் மோட்டார் இல்லை. ஆகவே நிக்கானின் சிறிய கேமராக்களில் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். 2012-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மோட்டார் வைத்தார்கள். இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பதிப்பைப் படித்துப் பார்த்து வாங்குக.

எஃப் 2.8, எஃப் 4 என்பது என்ன என்று சிலர் கேட்டார்கள். லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கும் என்பதற்கான எண். எண் குறைந்தால் திறப்பு பெரிது, 4-ஐவிட 2.8-இல் இரட்டிப்பு வெளிச்சம் உள்ளே வரும். கல்யாண மண்டபத்தில் ஓடியாடும் ஆட்களை எடுப்பவருக்கு இது முக்கியம். நம் மூட்டைகள் ஓடுவதில்லை. ஒரு முக்காலியில் கேமராவை நிறுத்தி, எஃப் 8-இல் வைத்து, ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்துவிட்டால், 10 மி.மீ.யில் ஒன்றரை அடியிலிருந்து கோடவுனின் கடைசிச் சுவர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஆகவே எஃப் 2.8-க்குக் கூடுதல் பணம் கொடுப்பது நமக்கு வீண் என்பது நம் கருத்து. கேமராவின் மேலுள்ள சிறு பிளாஷ் விளக்கையும் போட வேண்டாம். அது சாதாரண லென்ஸின் அகலத்துக்குத்தான் வெளிச்சம் தரும், 10 மி.மீ.யில் நான்கு மூலையும் இருட்டாகி, லென்ஸின் நிழலும் கீழே அரைவட்டமாக விழும்.

வாங்குமுன் மாதிரி பார்ப்பது எப்படி? கடையில் நிற்கும்போதே, எதிரே ரேக்கோ செங்கல் சுவரோ உள்ள இடமாகப் பார்த்து, சுவருக்கு நேராக நின்று ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான்கு மூலைகளும் ஒரே மாதிரி தெளிவாக இருக்கின்றனவா? ஓரங்கள் நடுவைவிடச் சற்று மங்கலாக இருப்பது எல்லா லென்ஸிலும் உண்டு. ஆனால் வலது மூலை தெளிவாகவும் இடது மூலை கலங்கியும் இருந்தால், உள்ளேயுள்ள கண்ணாடி வில்லை நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம். அதை வாங்க வேண்டாம். ரேக்கின் நேர்க்கோடு சற்று வில்லாக வளைந்தால் பயப்பட வேண்டியதில்லை. அதைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தலாம். கலக்கத்தை நிமிர்த்த முடியாது.

பழைய லென்ஸ் என்றால் இருட்டில் டார்ச் அடித்து உள்ளே பார்க்கவும். சிலந்தி வலை போலவோ பஞ்சு போலவோ கிளைகள் தெரிந்தால் பூஞ்சாணம். நம் ஊர் ஈரத்தில் இது சீக்கிரம் பிடிக்கும். தோல் பையில் மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைக்க வேண்டும். உப்பு, புளி வைக்கும் அறையில் வைப்பது கூடவே கூடாது என்று நம் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தூசு இன்னொரு விரோதி. மிளகாய் மண்டியிலும் மாவுக் கடையிலும் லென்ஸைக் கழற்றி மாட்டினால் தூள் நேரே சென்சாரில் போய் உட்காரும். வெளியே மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். முன்னால் ஒரு சாதாரண காப்புக் கண்ணாடி போட்டுவிட்டால் துடைப்பது அதைத்தான், லென்ஸை அல்ல. மேலே சொன்ன கேனன் 10-18-க்கு 67 மி.மீ., நிக்கான் 10-20-க்கு 72 மி.மீ. அளவில் கிடைக்கும். சில மிக அகலமான லென்ஸ்களில், சிக்மா 8-16 போல, முன் கண்ணாடி முட்டைக் கண்ணாகப் பிதுங்கி நிற்கும். அவற்றுக்குக் காப்பு மாட்ட வழியே இல்லை. மண்டிக்கு அது ஆகாது.

கமிட்டியில் ஒரு உறுப்பினர், “அண்ணாச்சி, பையன்கிட்ட இருக்கிற போன்ல 0.5-ன்னு ஒண்ணு இருக்கே, அதுல எடுத்தா போதாதா? எதுக்கு இந்தச் செலவு?” என்றார். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இன்றைய பல போன்களில் உள்ள அந்த அகலக் கண், நம் 10 மி.மீ.யைவிடவும் சற்று அகலமாகவே காட்டும். ஒரே ஒரு கடை, பகல் வெளிச்சம், வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம் என்றால் போனே தாராளம். லென்ஸ் வாங்க வேண்டாம் என்றே சொல்வோம். ஆனால் அவர் கோடவுனிலேயே போனிலும் கேமராவிலும் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினோம். ட்யூப்லைட் வெளிச்சத்தில், கடைசி வரிசை மூட்டையில் அச்சடித்த மார்க்கும் எடையும் கேமராவில் படிக்க முடிந்தது. போனில் அது சாயம் போன கறையாகத் தெரிந்தது. “சரி, வாங்குங்க அண்ணாச்சி. ஆனா பில்லோட வாங்குங்க” என்றார்.

பில் விஷயம் சொல்லித்தான் ஆக வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டுச் சரக்குக்கு இந்திய வாரண்டி இருக்காது. வியாபாரத்துக்கு என்று வாங்குகிறவர்கள் தங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு பில் வாங்கினால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

அகலக்கோண லென்ஸுக்கு ஒரு பொல்லாத குணமும் உண்டு. பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதை மிகச் சிறிதாக்கும். அதனால் சின்ன இடமும் நீண்டு கிடப்பதுபோல் தோன்றும். சென்ற ஆண்டு ஒரு தரகர் நமக்கு வாடகைக் கோடவுன் ஒன்றின் படத்தை அனுப்பினார். படத்தில் லாரியே உள்ளே போய்த் திரும்பிவிடும் போலிருந்தது. அட்வான்ஸ் கொடுக்குமுன் நேரில் போய் டேப் பிடித்தோம்: நீளம் 28 அடி, அகலம் 14 அடி. தரகர் சிரித்துக்கொண்டே, “படத்துல நல்லாத்தானே வந்திருக்கு சார்” என்றார். நல்லாத்தான் வந்திருந்தது. இப்படிப்பட்ட படம் வந்தால் தரையில் பாவிய டைல்ஸை எண்ணிப் பாருங்கள். இரண்டடி டைல்ஸ் நீளவாக்கில் பதினான்கு இருந்தால் கோடவுன் 28 அடிதான், படம் என்ன சொன்னாலும்.

இதே குணம் நம்மையும் சிக்கலில் மாட்டக்கூடும். வங்கிக்கோ இன்சூரன்ஸுக்கோ கொடுக்கும் படத்தில், முன் வரிசை நாலு மூட்டை மலையாகத் தெரிந்து, புத்தகத்தில் உள்ள இருப்புக்கும் படத்துக்கும் ஒட்டாமல் போனால், உண்மையான கணக்கின் மேலும் சந்தேகம் விழும். நிலை லென்ஸை விட்டு ஜூமை நாம் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முக்கியக் காரணம். இடம் அடங்குமானால் 14-க்கோ 16-க்கோ 20-க்கோ திருப்பிக்கொண்டு, வேண்டிய அளவுக்கு மேல் அகலம் போகாமல் எடுக்கலாம். 10 மி.மீ. வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும். ஓரத்தில் ஆளை நிறுத்தவும் வேண்டாம். ஓரத்தில் விழும் எதுவும் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துவிடும். ஐம்பது கிலோ மூட்டை எழுபத்தைந்து கிலோபோல் தெரியும், முதலாளி அதைவிட.

சங்கக் கேமரா நிக்கான் டி3300. மென்பொருளைப் புதுப்பித்து, பில்லோடு, காப்புக் கண்ணாடியோடு ஏ.எஃப்-பி 10-20 வாங்கியாயிற்று. முக்காலி ஏற்கெனவே இருக்கிறது. கேமராவின் கடிகாரத்தையும் சரிபார்த்துவிட்டோம். ஒவ்வொரு படத்தோடும் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும் என்பதால் அது தவறாக இருந்தால் படம் எடுத்தே பயனில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலையில் கடைகளைப் படமெடுக்க வருவோம். தெருவில் வண்டி சேருமுன் முகப்பை முடித்துக்கொண்டு பிறகு உள்ளே. ஷட்டரை முழுதாகத் திறந்து வைக்கவும். படத்துக்காகச் சரக்கை இடம் மாற்றி அழகாக அடுக்க வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும். அன்று வரை எழுதிய இருப்புப் புத்தகத்தைக் கல்லா மேசையில் விரித்து வையுங்கள். அந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுப்போம். பிரதிகளை பென் டிரைவில் தருவோம். அதைக் கடைக்குள்ளேயே வைக்காமல், மாடி வீட்டிலோ வெளியூர் உறவினரிடமோ ஒன்று கொடுத்து வைக்கவும். கோடவுன் தனியாக இருப்பவர்கள் சாவியோடு ஒரு ஆளை அனுப்பினால் போதும்.